ஒன்பதாவதாக எழுந்து வந்தவன்

கேள்வி: ரம்மி நன்றாக ஆடுவேன். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகும்போது லாஸ் வேகஸில் போக்கர் ஆடிப் பார்க்க ஆசை. டோர்னமென்ட், கேஷ் கேம் என்று இரண்டு இருக்கிறதாம். சீட்டு ஒன்றுதானே, ஆட்டம் எப்படி மாறும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குத் தீரும் பாயின்ட் ரம்மியையும், 201 புள்ளியைத் தொட்டால் வெளியே போக வேண்டிய 201 பூலையும் ஒரே மாதிரியா ஆடுவீர்கள்? பூலில் 170-ல் உட்கார்ந்திருக்கும்போது சுமாரான கை வந்தால் ஸ்கூட் என்று கவிழ்த்துவிடுவீர்கள் அல்லவா? அந்தப் பயம்தான் வித்தியாசமே.

எனக்கு அது லேட்டாகப் புரிந்தது. வேகஸில் ஒரு சின்ன டோர்னமென்ட். நுழைவுக் கட்டணம் கட்டினால் சிப் எனும் வில்லைகள் தருவார்கள்; அவை தீர்ந்தால் வெளியே. எட்டுப் பேருக்குப் பரிசு. ஒன்பது பேர் மிச்சம். சிப் கணக்கில் நான் இரண்டாவது. முதலில் இருந்தவர் ஆல்-இன் போட்டார், அதாவது தன் சிப் அத்தனையையும் பந்தயத்தில் வைத்தார். என் கையில் ஏஸ்-கிங். யோசிக்காமல் கால் செய்தேன், அதாவது ஈடாக என் சிப் முழுவதையும் வைத்தேன். அவரிடம் ஜோடி எட்டு. மேஜையில் விரித்த பொதுச் சீட்டுகளில் ஏஸும் வரவில்லை, கிங்கும் வரவில்லை. நான் வெளியே. ஒரு மணி நேரமாகக் கைக்குக் கை சீட்டைக் கவிழ்த்து ஃபோல்ட் செய்துகொண்டிருந்த பக்கத்து சீட் தாத்தா, எழுந்து வந்து கைகுலுக்கினார். பின்னே? அவருக்குப் பரிசு கிடைக்க வைத்ததே நான்தான்.

மறுநாள் கேஷ் கேமில் அதே ஏஸ்-கிங். 200 டாலர் போனது. சட்டைப் பையிலிருந்து இன்னொரு 200 எடுத்து வைத்து, அதே நாற்காலியில் தொடர்ந்தேன். அங்கே ஒரு டாலர் சிப் என்றால் ஒரு டாலர்தான். லாபக் கணக்கு சரியாக இருந்தால் துணிந்து இறங்கலாம், வேண்டாமென்றால் எழுந்து போகலாம்.

டோர்னமென்ட்டில் சிப்பும் காசும் ஒன்றல்ல. 2023 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்ட்டில் 10,043 பேர் ஆடினார்கள். பரிசுத் தொகை சுமார் 9.34 கோடி டாலர். கடைசியில் எல்லார் சிப்பும் ஒருவர் முன்னால் குவிந்தது. அவருக்குக் கிடைத்ததோ 1.21 கோடி. சிப் இரண்டு மடங்கானால் பரிசு இரண்டு மடங்காகாது; சிப் தீர்ந்தால் மட்டும் எல்லாம் போய்விடும். அதனால் பரிசு வாசலில் ஏஸ்-கிங்கைக்கூடக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

அதற்காகப் பதுங்கியே இருக்கவும் முடியாது. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம், ஏறிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் நூறு பிளைண்டுக்குச் சமமாக இருந்த சிப், கொஞ்ச நேரத்தில் பத்துக்குத்தான் வரும். அப்புறம் ஆல்-இன், இல்லையென்றால் ஃபோல்ட்.

முதல் தடவை டோர்னமென்ட்டே ஆடுங்கள். நுழைவுக் கட்டணத்தோடு செலவு நின்றுவிடும். தோற்ற பிறகு மறுபடி பணம் கட்டி நுழைய ரீ-என்ட்ரி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.