மனு எழுதிக் கொடுப்பவரே நிற்கட்டும்

கேள்வி: நான் 22 வருடமாகக் கட்சியில் இருக்கிறேன். எங்கள் நகராட்சியில் வார்டு செயலாளர். கவுன்சிலராக நிற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போது எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கப் போகிறார்கள் என்கிறார்கள். நகரச் செயலாளர், "உங்க வீட்டம்மா பேரைக் கொடுத்துடுங்க, மத்தத நீங்க பார்த்துக்கங்க" என்கிறார். என் மனைவிக்கு அரசியல் தெரியாது. கட்சிக் கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை. நான் வெளியே போயிருக்கும்போது உதவித்தொகை, பட்டா என்று யாராவது வந்தால் விவரம் கேட்டு மனு எழுதிக் கொடுப்பாள், கையெழுத்து அழகாக இருக்கும், அவ்வளவுதான். என் அக்கா மகள் எம்.பி.ஏ. படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவள் பெயரைக் கொடுக்கலாமா என்றும் யோசனை. தகுதி பார்க்காமல் பெண் என்பதற்காகவே சீட் கொடுப்பது உழைத்தவனுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? அடுத்த முறை பொது வார்டாக மாறும்போது நான் நின்றுகொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவா?

- பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

தம்பி, உள்ளாட்சித் தேர்தல் வருகிறது என்றாலே இப்படிக் கடிதங்கள் வந்துவிடும். ஊரும் கட்சியும்தான் மாறும், புலம்பல் ஒன்றேதான். உங்கள் வருத்தம் நியாயமானது என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, நீங்கள் இல்லாத நேரத்தில் வருகிறவர்களிடம் உங்கள் மனைவி விவரம் கேட்டு மனு எழுதிக் கொடுக்கிறார் என்று, அந்த இடம். அதில் உங்கள் கண்ணில் பட்டது கையெழுத்து மட்டும்தானா?

ஒரு விதவை உதவித்தொகை மனுவையே எடுத்துக்கொள்ளுங்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி உங்கள் வாசலில் வந்து நிற்கிறாள். இறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, அதில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா, ரேஷன் கார்டில் இறந்தவர் பெயரை எடுத்தார்களா, பாஸ்புக் அவள் பெயரில் தனியாக இருக்கிறதா, வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளை உண்டா, இத்தனையும் அவள் அழுகைக்கு நடுவே கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள், வி.ஏ.ஓ. எதற்காக விசாரிக்க வருவார், தாலுகா ஆபீஸில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் மனு திரும்பி வந்துவிடும், அந்தப் பெண் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைவாள். மாதம் 1,200 ரூபாய்க்காக. இதை வருடக்கணக்கில் சம்பளமில்லாமல், பதவியில்லாமல், உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். கவுன்சிலர் வேலையில் பெரும்பகுதி இதுதான் தம்பி. மிச்சம் குடிதண்ணீரும் சாக்கடையும் தெருவிளக்கும். உங்கள் தெருக் குழாயில் எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டுக்கு எட்டாது என்று உங்களையும் கேட்டு அவரையும் கேட்டால் யார் பதில் சரியாக இருக்கும்?

கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை என்று அவர்மேல் குறை சொல்கிறீர்கள். 22 வருடத்தில் ஒரு தடவையாவது "வா, போய்விட்டு வரலாம்" என்று கூப்பிட்டீர்களா? நீங்கள் மாநாட்டுக்கு லாரி ஏறிப் போன நாளெல்லாம் வீட்டையும் பார்த்துக்கொண்டு, உங்களைத் தேடி வந்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாமல் இருந்தது யார்? வார்டில் உங்களுக்கு இருக்கும் நல்ல பெயரில் எவ்வளவு அந்தத் திண்ணையில் சம்பாதித்தது என்று யோசித்துப் பாருங்கள். இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். கூடவே வாழ்கிற ஒருவரின் உழைப்பு இத்தனை வருடம் கண்ணில் படாமல் இருப்பதை மறதி என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. குடும்பக் கடமையில் தவறியதாகவே அதைப் பார்க்கிறேன்.

சரி, தகுதிக்கு வருவோம். இதுவரை கோட்டா இல்லாமலா உங்கள் கட்சியில் சீட் கொடுத்தார்கள்? மாவட்டச் செயலாளர் கோட்டா என்று ஒன்று உண்டு. கூட்டணிக்கு ஒதுக்கியது என்று ஒன்று உண்டு. வார்டில் எந்தச் சாதி ஓட்டு அதிகம் என்று எண்ணிப் பார்த்துக் கொடுப்பது உண்டு, எவ்வளவு செலவு பண்ணுவீர்கள் என்று நேர்காணலிலேயே கேட்டுவிட்டுக் கொடுப்பது உண்டு, தலைவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது உண்டு. அதையெல்லாம் துரோகம் என்று யாருக்காவது கடிதம் எழுதினீர்களா? பெண்களுக்கு என்று வரும்போது மட்டும் தகுதி ஞாபகம் வருகிறது. கட்சிக்கு உழைத்த ஆண்களின் மனக்குறையை நான் பொய் என்று சொல்லவில்லை. கொடி கட்டி, போஸ்டர் ஒட்டி, கைக்காசு போட்டவர்கள் நீங்கள். ஆனால் அந்தப் போட்டிக்குள் நுழையும் வழியே பாதிப் பேருக்கு அடைத்திருந்தது.

கட்சிகளின் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சட்டமன்றமே சாட்சி. 2021 தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். வாக்காளர் பட்டியலில் பெண்கள்தான் அதிகம் இருக்கிற மாநிலத்தில் இது. "நிற்கப் பெண்கள் கிடைப்பதில்லை" என்று சாக்குச் சொல்வார்கள். அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி 117 பெண்களையும் 117 ஆண்களையும் நிறுத்தியது. அந்தக் கட்சியின் அரசியல் பற்றி இங்கே நான் பேச வரவில்லை, தேடினால் ஆள் கிடைக்கும் என்பது தெரிந்துபோயிற்று, அவ்வளவு போதும். உள்ளாட்சியில் 2016-இல் சட்டம் போட்டு 50 சதவீதம் என்று ஆக்கியதால்தான் 2022 நகர்ப்புறத் தேர்தலில், நீங்கள் உள்பட எல்லோரும் பெண் வேட்பாளரைத் தேடி ஓடினீர்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்கிற மசோதா 1996-இல் முதலில் வந்து 2023-இல்தான் நிறைவேறியது, அதையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகு என்று எழுதித் தள்ளி வைத்தார்கள். யாரும் தானாக விட்டுக்கொடுப்பதில்லை.

அரசியல் தெரியாதவர் ஜெயிப்பாரா என்பதுதானே உள்ளூர உங்கள் பயம்? ஒடிசாவில் 2019 மக்களவைத் தேர்தலில் பிஜு ஜனதா தளம், சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலேயே, 21 தொகுதிகளில் 7 தொகுதிகளைப் பெண்களுக்குக் கொடுத்தது. அதில் அஸ்கா தொகுதியில் நின்றவர் பிரமிளா பிசோயி, சுய உதவிக் குழுவில் வேலை செய்த கிராமத்து அம்மா, பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இரண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து எம்.பி. ஆனார். குழுப் பெண்களோடு அத்தனை வருடம் பழகியதை நம்பித்தான் அந்த அம்மாவுக்கு சீட் கொடுத்தார்கள்.

இனி நகரச் செயலாளர் சொன்னதைப் பற்றி. "மத்தத நீங்க பார்த்துக்கங்க" என்றாரே, அதைச் செய்யாதீர்கள். செய்தால் நீங்கள் உங்கள் மனைவியை ஏமாற்றுகிறீர்கள், ஓட்டுப் போட்டவர்களையும் ஏமாற்றுகிறீர்கள். வேட்புமனுவோடு கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து அவருடையது. தேர்தல் செலவுக் கணக்கு கொடுக்காவிட்டால் தகுதியிழப்பு அவருக்கு. நாளைக்கு ரோடு போட்டதில் தகராறு என்று விசாரணை வந்தால் நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும், உங்கள் பெயருக்கு வராது. காண்டிராக்டருடன் பேசுவது நீங்கள், பதில் சொல்வது அவர் என்றால் அதற்குப் பெயர் குடும்பமா? வடக்கே 'சர்பஞ்ச் பதி' என்பார்கள், ஊராட்சித் தலைவி புருஷன். அந்த வழக்கத்துக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழுவே 2025-இல் பரிந்துரை செய்திருக்கிறது. நம் ஊரிலும் கூட்ட அரங்கில் கவுன்சிலர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் கணவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் உங்களுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது, இதுவரை செய்யாத வேலைகள். பிரசாரம் என்றால் காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்க வேண்டும், பெண்கள் வேலைக்குக் கிளம்புவதற்குள் பார்த்தாக வேண்டும். அப்போது உங்கள் வீட்டில் உலை வைப்பது யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார், உங்கள் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? மகளைச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள்தான். உங்கள் 22 வருட அனுபவத்தையும் அவருக்குக் கொடுங்கள்: பூத் கமிட்டி எப்படிப் போடுவது, எந்த அதிகாரி எதற்கு மசிவார், தீர்மானத்தைப் படித்துப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது. சொல்லிக் கொடுத்துவிட்டு அரங்கத்துக்கு வெளியே நில்லுங்கள். நான் வளர்ந்த காலத்தில் புருஷன் பதவிக்கு மனைவி பின்னால் நிற்பதைக் கடமை என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அந்தக் கடமை இரண்டு பேருக்கும் உண்டு என்றுதான் நான் நம்புகிறேன்.

அடுத்த முறை பொது வார்டானால் நான் நின்றுகொள்கிறேன் என்று இப்போதே துண்டு போட்டு வைக்கிறீர்கள். பொது வார்டில் பெண்ணும் நிற்கலாம், தெரியுமல்லவா? ஐந்து வருடம் நல்ல பெயர் எடுத்த கவுன்சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் நிற்பதை வார்டு ஏற்றுக்கொள்ளுமா என்பதை அப்போது வார்டு சொல்லும்.

முதலில் அவரைக் கேளுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், "அவளிடம் கேட்டேன்" என்று ஓர் இடத்திலும் இல்லை. நகரச் செயலாளர் கேட்டார், நீங்கள் யோசித்தீர்கள், எனக்கு எழுதினீர்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேளுங்கள், கேட்டுவிட்டு யோசிக்க நாலு நாள் விடுங்கள். சரி என்றால் கட்சிக்குக் கொடுக்கும் விருப்ப மனுவில் அவருடைய போன் நம்பர் இருக்கட்டும். தனி போன் இல்லை என்றால் மனு கொடுப்பதற்கு முன்னால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் வார்டு மகளிர் அணியில் வீடு வீடாகப் போகிற பெண் ஒருவராவது இருப்பார், அவர் பெயரை நீங்களே நகரச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்து அவருக்காக ஓட்டுக் கேளுங்கள். அக்கா மகள் பேச்சை விட்டுவிடுங்கள். அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் நிற்கவே முடியும், அப்படியே பெயர் இருந்தாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல உங்கள் வார்டுக்காரர்கள் பெங்களூருக்குப் போக முடியாது.