ரெயூனியனின் பழைய லாசரேயைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், கிராந்த் ஷாலூப் பள்ளத்தாக்கில் இருக்கும் லாசரே, அதாவது கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து தனியே வைத்திருந்த பழைய தனிமைப்படுத்தல் நிலையம், சின்ன அருங்காட்சியகம்தானே, அதற்காக மெனக்கெட்டுப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். அதிலும் காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வருபவராக இருந்தால், தீவின் எரிமலையைப் பார்க்காமல் திரும்பினாலும் இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இடம் சேன் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவே இருக்கிறது. இருபுறமும் செங்குத்தான மலை, எதிரே கடல். இந்த மூலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1859இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மஸ்கரேஞ் என்ற கப்பலோடு காலராவும் கரையிறங்கித் தீவைச் சூறையாடியது. அந்தப் பயம் ஆறுவதற்குள், 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனோடு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லாசரேயின் கருங்கல் சுவர்கள் எழுந்தது அந்த நேரத்தில்தான்.

உள்ளே பளபளக்கும் மருத்துவக் கருவிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே மருந்தே காத்திருத்தல்தான். அன்றைக்குக் காலராக் கிருமியை ராபர்ட் கோக் இன்னும் இனங்காணவில்லை. அது நடந்தது 1883-84இல். தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854இலேயே காட்டியும், கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய மருத்துவர்களே அதிகம். ஆனாலும் காத்திருத்தல் வேலை செய்தது. தொற்றியவருக்குக் காலரா ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும், பெரியம்மை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வெளிப்பட்டுவிடும். காரணம் தெரியாமலே கணக்கு சரியாக வந்தது. அந்தக் கணக்குக்காக, உடம்பில் ஒரு நோயும் இல்லாதவர்கள், வாரக்கணக்கில் கடலில் அலைக்கழிந்து வந்த பிறகும், தரையில் காலை வைத்ததும் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

காரைக்காலிலிருந்து வந்திருந்த என் அத்தையை அங்கே அழைத்துப் போனேன். படுக்கைக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்துடா வந்தது? கைக்குழந்தையோடு வந்தவள் எங்கே படுத்தாள்?" என்றுதான் முதலில் கேட்டார். காலராவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அந்தத் தண்ணீர்க் கேள்விதான். வழிகாட்டி ஒரு மல்பார் இளைஞன் (தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்), தமிழ் அறியாதவன். அம்மை குத்துவதைப் பற்றி அவன் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொன்னதும், அத்தை புடவைத் தலைப்பை விலக்கி மேற்கையைக் காட்டினார். "இதோ பார் தம்பி, எனக்கும் குத்தினார்கள்." ஓரம் சுருங்கி, நடுவே சின்னக் குழி விழுந்த வட்டத் தழும்பு. அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஏற்கெனவே குத்தப்பட்டவரின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்தவர் கையில் கீறி வைப்பதே வழக்கம் என்று அத்தையிடம் சொன்னேன். ஊரில் வேப்பிலையும் மாரியம்மன் கஞ்சியுமாகப் பெரியம்மையை எதிர்கொண்டிருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று அவர் வெகுநேரம் பேசிக்கொண்டே வந்தார். அந்த மாரியம்மனும் அவர்களோடு கப்பலேறி வந்தவள்தான். தீவெங்கும் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

மலேரியாவின் கதையையும் அங்கேயே நினைத்துப் பாருங்கள். 1866 முதல் மொரீஷியஸைச் சுருட்டிப் போட்ட அந்தக் காய்ச்சல், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இங்கும் வந்துவிட்டது. அதைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல். மனிதர்களை அடைத்த சுவர் கொசுவை என்ன செய்யும்? தீவிலிருந்து மலேரியாவை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 1979 வரை ஆனது.

விளக்கப் பலகைகளைப் படிக்கப் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கால் வலுவுள்ளவர்கள் லா பொசெசியோனிலிருந்து பழைய கல்பாவிய மலைப்பாதையில் நடந்தே இறங்கலாம். வெயிலில் கருங்கல் கொதிக்கும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வயதானவர்களோடு போனால் காரில் போய், அருகிலுள்ள பழைய ரயில் நிலையத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.