மகள் ட்ரிபிள் இ கேட்கிறாள், விடலாமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற கட்-ஆஃப் இருந்தும் மகள் ட்ரிபிள் இ, அதாவது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடுங்கள் சார். "கம்ப்யூட்டர் காலத்தில் கரண்ட் படிப்பு எதற்கு" என்ற உங்கள் கவலைக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கே இப்போது கரண்ட் கொடுப்பதுதான் பெரிய சிக்கல். என்விடியா கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டுகளையே பாருங்கள். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 கார்டுக்கு 180 வாட் போதும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட். 2025இல் வந்த 5090-க்கு 575 வாட். 1000 வாட் பவர் சப்ளை போடச் சொல்கிறது என்விடியா. 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் ஏறக்குறைய 48 ஆம்பியர். ஆறு சின்னப் பின்கள் அதைத் தலைக்கு 8 ஆம்பியராகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ப்ளக் சரியாக உட்காராவிட்டால் பின்னில் சூடு ஏறும். 4090 கார்டுகள் சிலவற்றில் ப்ளக்கே உருகியது. அப்புறம் பின்களின் நீளத்தை மாற்றித் திருத்திய ப்ளக் வந்தது.

டேட்டா சென்டரில் இதே சிக்கல் பல மடங்கு. என்விடியாவின் 72 ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) கொண்ட ஒரு ரேக், அதாவது ஒரு அலமாரி, சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. 54 வோல்ட்டில் கொடுத்தால் 2,200 ஆம்பியருக்கு மேல். செம்புப் பட்டையே ரேக்கை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் 800 வோல்ட் டிசிக்குப் போகிறார்கள். அப்போது 150 ஆம்பியர் போதும். ஆனால் அந்த 800 வோல்ட்டை சிப்புக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்கு, அதிகம் சூடாக்கி வீணடிக்காமல் இறக்க வேண்டுமே! அந்த வேலைதான் பவர் எலக்ட்ரானிக்ஸ். உங்கள் மகள் படிக்கப்போகும் பாடம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கேம்பஸுக்கு வருகிற பெரும்பாலான கம்பெனிகள் ட்ரிபிள் இ பிள்ளைகளையும் சாஃப்ட்வேருக்குத்தான் எடுக்கும். இந்தத் துறைக்குள் போக டிகிரி மட்டும் போதாது. இரண்டாம் வருடத்திலேயே வோல்ட்டேஜை இறக்கும் சர்க்யூட்டான ஒரு பக் கன்வெர்ட்டரைத் தன் கையால் செய்து, அதன் ரிப்பிளை (வெளிவரும் வோல்ட்டேஜில் இருக்கும் சின்ன ஏற்ற இறக்கத்தை) ஆசிலாஸ்கோப்பில், அதாவது வோல்ட்டேஜை அலையாக வரைந்து காட்டும் கருவியில், பார்க்க வேண்டும். என்பிடிஇஎல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. பவர் எலக்ட்ரானிக்ஸ் முடித்தால் கதவுகள் இன்னும் திறக்கும்.

கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் கல்லூரி லேபை நேரில் போய்ப் பாருங்கள். ஆசிலாஸ்கோப் உறை போட்டு மூடியிருக்கிறதா, மாணவர்கள் தொட்டு வேலை செய்கிறார்களா என்று கவனியுங்கள். சி புரோகிராமிங்கையும் அவள் விட்டுவிடக் கூடாது. இன்றைய பவர் சப்ளைகள் பலவற்றை ஓட்டுவது உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் சிப்தான்.