பணத்தைத் தின்னும் வலது பின் டயர்

கேள்வி: அமெரிக்கத் தார்த்தட ஸ்பிரிண்ட் கார் (சக்கரங்கள் வெளியே தெரியும் சிறிய பந்தயக் கார்) பந்தயத்தில் டயர் செலவு ஏன் ஏறுகிறது? குறைக்க முடியுமா?

பதில்: இண்டியானா மாநிலம் ஆண்டர்சனில் நடக்கும் 'லிட்டில் 500' பந்தயத்தையே பாருங்கள். கால் மைல் வட்டத்தில் 500 சுற்று. எல்லாமே இடப்பக்கத் திருப்பம். பாரம் வலப்பக்கம் சாய்வதால் வலது பின் டயர்தான் முதலில் தேயும். டயரில் உள்ள செயற்கை ரப்பரும், அதற்கு வலுவூட்டும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. எண்ணெய் விலை ஏறினால் டயரும் ஏறும். ஒரே நிறுவனத்தின் டயர்தான் என்று விதி இருந்தால் பேரம் பேசவும் வழியில்லை.

புது டயரைச் சில சுற்று மிதமாக ஓட்டிச் சூடேற்றி, ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள்; பிறகு சீராகத் தேயும். கறுப்பு பாலித்தீனில் சுற்றி, மின்மோட்டாரும் வெல்டிங்கும் இல்லாத அறையில் வையுங்கள். அவை உண்டாக்கும் ஓசோன் ரப்பரில் விரிசல் விழ வைக்கும். மறுபடி மாட்டுமுன் டியூரோமீட்டர் என்ற கருவியால் ரப்பரின் கடினத்தைப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசத்தில். கார் இடப்பக்கம் எளிதாகத் திரும்ப, வலது பின் டயர் இடதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். காற்றடைத்தபின் நாடாவால் அளக்க வேண்டும். வித்தியாசம் குறைந்தால் கார் திரும்ப மறுத்து முன் டயர் தேயும். கூடினால் பின்பக்கம் வழுக்கி, வலது பின் டயரில் கொப்புளம் கிளம்பிவிடும். ரப்பரை மென்மையாக்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான தொடர்களில் அதற்குத் தடை.