பழைய காரில் கம்பெனி கேசட் ஸ்டீரியோவை மாற்றாமல் போன் பாட்டு கேட்க வழி இருக்கா?

கேள்வி கேட்டவர் 2003 மாடல் கார் வச்சிருக்காரு, கூடவே வந்த கேசட் செட் இன்னும் நல்லா பாடுது, அத கழட்டி எறியாம போன் பாட்ட அதுல கொண்டு வரணும்னு கேக்குறாரு. கண்டிப்பா முடியும், நான் எங்க வண்டில பண்ணியிருக்கேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

எங்களுது 2001 லான்சர், திருவள்ளூர் பிளாண்ட்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச வண்டி, அப்பா வாங்கினது, இன்னிக்கும் அவர்தான் ஓட்டுறாரு. முதல்ல ஒரு ஆக்சசரீஸ் கடைக்குத்தான் போனேன், செட்ட போட்டுக்கூட பாக்காம "இத தூக்கிட்டு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போட்டுடலாம் சார்"னு சொன்னாங்க. அதுக்கு டேஷ்போர்ட்ல கொஞ்சம் வெட்டணுமாம், கம்பெனி கப்ளரையும் (செட்டோட ஒயர் எல்லாம் வந்து சேர்ற பிளக்) நறுக்கிட்டு ஒயர முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்திடுவாங்களாம். நான் வண்டிய திருப்பிக் கொண்டு வந்துட்டேன். யாரு என்ன சொன்னாலும் அந்த கப்ளர மட்டும் வெட்ட விடாதீங்க, ஒரு தடவ வெட்டிட்டா அப்புறம் எந்த ஒயர் எதுக்குன்னு தேடுறதே பொழப்பாயிடும்.

சுலபமான வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், சிகரெட் லைட்டர்ல சொருகுற சாமான். சென்னைக்குள்ள 91.1, 92.7, 93.5, 94.3, 98.3, 106.4னு ஸ்டேஷன் வரிசையா உக்காந்திருக்கு, நடுவுல காலி இடம் தேடி வச்சாலும் வண்டி நகர நகர வேற ஏதாவது வந்து மேல ஏறும், ஊர் தாண்டினா திரும்ப வேற இடம் தேடணும். இன்னொண்ணு கேசட் அடாப்டர், கேசட் மாதிரியே இருக்கும், உள்ள ஒரு குட்டி ஹெட் இருக்கு, அது செட்டுல டேப்ப படிக்கிற ஹெட்ட ஒட்டி நின்னு காந்தப்புலம் வழியாவே சத்தத்த கடத்துது. எஃப்எம்ம விட இது எவ்வளவோ மேல். செட்டுல டால்பி பட்டன் (டேப்போட இரைச்சல குறைக்கிறது) இருந்தா அத ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா பாட்டு மந்தமா கேக்கும். ஆட்டோ ரிவர்ஸ் செட்டுல, அதாவது ஒரு சைடு முடிஞ்சா தானா அடுத்த சைடு போற செட்டுல, சில அடாப்டர் மாத்தி மாத்தி சைடு திருப்பிக்கிட்டே இருக்கும், அதுதான் இதுல தொல்லை. கைய வச்சு வேலை செய்ய விருப்பம் இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம், தப்பே இல்ல.

ஆனா உண்மையான சத்தம் வேணும்னா செட்டுக்குள்ளயே லைன் கொடுக்கணும். கேசட் ஹெட்லேர்ந்து வர்ற சிக்னல் ரொம்ப சின்னது, அத ப்ரீஆம்ப்னு ஒரு ஐசி (சிப்) பெருக்கி, அங்கேர்ந்து டிசிய தடுத்து பாட்ட மட்டும் விடுற ஒரு கப்பாசிட்டர் வழியா வால்யூம், பாஸ், ட்ரெபிள் எல்லாம் பாக்குற ஐசிக்கு அனுப்புது. நாம நுழைய வேண்டிய இடம் இந்த ரெண்டுக்கும் நடுவுல. ஐசி மேல இருக்க நம்பர நெட்ல போட்டா டேட்டாஷீட் (அந்த ஐசியோட விவரத் தாள்) கிடைச்சிடும், அதுல டேப் இன்புட் லெஃப்ட், ரைட் எந்த கால்னு (பின்னுனு) தெரிஞ்சிடும். ப்ரீஆம்ப்லேர்ந்து வர்ற கப்பாசிட்டரோட ஒரு கால மட்டும் தூக்கிட்டு நம்ம லைன அங்க கொடுக்கணும், நம்ம பக்கமும் சேனலுக்கு ஒரு கப்பாசிட்டர் கட்டாயம் வேணும், நான் 2.2 மைக்ரோஃபாரட் போட்டேன், ஏன்னா அந்த ஐசி காலுல எப்பவும் கொஞ்சம் டிசி வோல்ட் நிக்கும். நாளைக்கு வேண்டாம்னா அந்த கால திரும்ப சால்டர் பண்ணா போதும், செட் பழையபடி ஆயிடும், எனக்கு இதுதான் முக்கியமா பட்டுச்சு.

இப்போ ஒரு சிக்கல், உள்ள கேசட் ஓடினாதான் செட் டேப் மோடுக்கே போகும். அதனால ஒரு பழைய கேசட்ட திறந்து டேப்ப மொத்தமா உருவி எடுத்துட்டு, ரெண்டு சக்கரமும் சும்மா சுத்துற மாதிரி மூடி உள்ள போட்டேன். சக்கரம் நின்னாதான் டேப் முடிஞ்சதுன்னு நினைச்சு வெளிய தள்ளும், இதுல நிக்கவே நிக்காது. டேப் சிக்கி வீணாப்போன அப்பாவோட கேசட் ஒண்ணத்தான் இதுக்கு எடுத்தேன், மேல அவர் கையெழுத்துல பாட்டு லிஸ்ட் அப்படியே இருக்கு.

பாட்டு வந்துடுச்சு, ஆனா நிஜமான வேலை அதுக்கப்புறம்தான். போன்லேர்ந்து ஒயர் இல்லாம பாட்ட வாங்கி அந்த லைனுக்கு கொடுக்குற 5 வோல்ட் ப்ளூடூத் போர்டு ஒண்ணு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி, 12 வோல்ட்ட 5 ஆக்குற சின்ன கன்வர்ட்டரோட செட்டுக்குள்ளயே வச்சேன். இஞ்சின் ஆஃப்ல இருந்தா சின்னதா ஒரு கிச்சுகிச்சு சத்தம், இஞ்சின் ஸ்டார்ட் பண்ணா ஆக்சிலரேட்டர மிதிக்க மிதிக்க கீச்சுன்னு ஏறுது. ரெண்டு வாரம் இதோட மல்லுக்கட்டினேன், ஒயர மாத்தினேன், ஷீல்டு கேபிள் போட்டேன், ஒண்ணும் ஆகல. காரணம் என்னன்னா போர்டுக்கு பவர் எர்த்தும் (நெகட்டிவ் ஒயர்) ஆடியோ எர்த்தும் ஒண்ணா போயிடுது, ஆல்டர்னேட்டர் இரைச்சலும் போர்டோட சொந்த இரைச்சலும் அந்த வழியா பாட்டுக்குள்ள வந்துடுது. B0505S னு ஒரு சின்ன ஐசொலேட்டட் கன்வர்ட்டர் இருக்கு, 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட்டே கொடுக்கும், ஆனா ரெண்டு பக்க எர்த்தும் தனித்தனி, அத முதல் கன்வர்ட்டருக்கும் ப்ளூடூத் போர்டுக்கும் நடுவுல போட்டதும் அந்த இரைச்சல் சுத்தமா நின்னுடுச்சு, அன்னிக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்ல. அது 1 வாட் சாமான், அதனால ப்ளூடூத் போர்டுக்கு மட்டும்தான் தாங்கும், போன் சார்ஜ் பண்ண அதுலேர்ந்து எடுக்காதீங்க. ப்ளூடூத் இல்லாம போன நேரா ஆக்ஸ் ஒயர்ல (ஹெட்போன் துளைல சொருகுற ஒயர்) இணைச்சு கார் சார்ஜர்ல வச்சாலும் இதே கீச்சு வரும், அதுக்கு ரெண்டு ட்ரான்ஸ்பார்மர் வச்ச கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைல கிடைக்குது, மலிவானதுல பாஸ் கொஞ்சம் குறையும்.

பவர சாவி போட்டா மட்டும் வர்ற ஏசிசி லைன்லேர்ந்து எடுங்க, எப்பவும் வர்ற லைன்ல கொடுத்தா வண்டி நாலஞ்சு நாள் நின்னா பழைய பேட்டரி படுத்துடும். ஒயர் கலர நம்பாதீங்க, மல்டிமீட்டர் வச்சு பாத்துட்டு 1 ஆம்பியர் ஃபியூஸோட கொடுங்க. போன் வால்யூம் முக்காலுக்கு மேல வச்சுட்டு மிச்சத்த செட்டுல கூட்டிக்குங்க, அப்பவும் சத்தம் உடையுற மாதிரி இருந்தா சேனலுக்கு ரெண்டு ரெசிஸ்டர் போட்டு சிக்னல குறைக்கணும், எங்க செட்டுக்கு 10கே, 4.7கே (கிலோ ஓம்) ஜோடி சரியா இருந்துச்சு.

செட்ட வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்குங்க, சில கம்பெனி செட்டுல திருட்டு லாக் இருக்கும், பேட்டரி கழட்டினா கோட் கேக்கும், அந்த நம்பர் மேனுவலோட வந்த கார்டுல இருக்கும், அத கையில எடுத்து வச்சுட்டு அப்புறம் ஸ்க்ரூவ தொடுங்க.