திரும்பிப் போக முயன்றவரைத்தான் திருப்பி அனுப்பினார்கள்

"தியனன்மென் மாணவர் தலைவர்கள் வெளிநாட்டில் சொகுசாகத்தானே வாழ்கிறார்கள், துணிவிருந்தால் சீனாவுக்குத் திரும்பியிருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ செய்தித் துணுக்கைப் படித்த சூட்டில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வூர் கைஷி திரும்பத்தான் பார்த்தார். அவரைப் பிடித்து வைக்கச் சீன அரசு தயாராக இல்லை.

1989இல் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் ஜனநாயகம் கேட்டுப் போராடியபோது, மே மாதம், மருத்துவமனை உடையிலேயே வந்து பிரதமர் லீ பெங்கின் பேச்சை இடைமறித்த உய்கர் மாணவர் அவர். ராணுவம் அந்தப் போராட்டத்தை நசுக்கிய ஜூன் 4 படுகொலைக்குப் பின் அரசு வெளியிட்ட 21 மாணவர்களின் தேடப்படுவோர் பட்டியலில் இரண்டாம் பெயர் அவருடையது. ஹாங்காங் வழியாகத் தப்பி, பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்துவிட்டு, 1996இல் தைவானில் குடியேறினார். 2009இல் சீன ஆளுகையிலுள்ள மக்காவ் நகருக்குச் சென்று சரணடைய முயன்றார். மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். 2010இல் டோக்கியோவின் சீனத் தூதரகத்துக்குள் நுழையப் பார்த்தபோது, கைது செய்தது ஜப்பானியக் காவல்துறை. வாஷிங்டனிலும் ஹாங்காங்கிலும் முயன்றும் பலனில்லை. பெற்றோருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்ததால், சிறைக் கண்ணாடிக்கு அப்பாலாவது அவர்களைப் பார்க்கலாம் என்பதே அவர் கணக்கு.

இந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. தைபேயில் ஆய்வுப் பணியில் இருந்தபோது, ஒரு ஜூன் 4 மாலை சுதந்திரச் சதுக்கத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மெழுகுவத்தியோடு அமர்ந்திருந்தவர்களைவிட, அருகிலிருந்த தேசிய அரங்கின் தாழ்வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து நடனம் பயின்ற இளைஞர்கள்தான் அதிகம் போலத் தோன்றியது. உடன் வந்த தைவான் நண்பரோ, "அது சீனாவின் விவகாரம்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். அன்றிரவு ஊரிலிருந்து பேசிய சித்தப்பா, "உனக்கென்னப்பா, வெளிநாட்டுச் சொகுசு" என்றார். அடுத்த பொங்கலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த எனக்கே அந்தச் சொல் தைத்தது. பிழைப்புக்காகப் போன நான் என்னை வூர் கைஷியோடு ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நினைத்தால் விமானம் ஏறிவிடலாம் என்ற வசதி எனக்கு இருந்தது, அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. தியனன்மென் சதுக்கத்தில் கண்டதாக அவர் சொன்னவற்றைக் கூட இருந்தவர்களே மறுத்ததுண்டு. ஆனால் "ஓடிப்போனார்கள்" என்று எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். பட்டியலின் முதல் பெயரான வாங் டான் ஓடவில்லை. இருமுறை சிறையில் அடைத்த அதே அரசுதான், 1998இல் மருத்துவக் காரணம் காட்டி அவரை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது.