ரிசப்ஷன்ல வாசிச்ச கை

கேள்வி: அண்ணே, நான் சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறேன். போன மாசம் ஃப்ரெண்டோட ரிசப்ஷன்ல மூணு சினிமா பாட்டு வாசிச்சேன், யாரோ அத வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டுட்டாங்க. இப்ப சபையில ஒரு பெரியவர் "அந்தக் கையால ஆராதனைல வாசிக்கக் கூடாது"ன்றாரு. நான் செஞ்சது தப்பா?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, பெரிய வெள்ளி அன்னைக்கு நம்ம சர்ச் பாட்டுப் புஸ்தகம் பாமாலைல இருந்து 'இரத்தம் காயம் குத்தும்' பாடுறப்ப அந்தப் பெரியவரும் கண்ணத் தொடைச்சிருப்பாரு. அந்த ட்யூன் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, 1601ல ஹாஸ்லர்னு ஒரு ஜெர்மன்காரர் வெளியிட்ட பக்கா காதல் பாட்டு! ஒரு பொண்ணால என் மனசே குழம்பிப் போச்சுன்னுதான் அது ஆரம்பிக்கும். அப்புறம் 1656ல கெர்ஹார்ட்ன்ற பாதிரியார் எழுதின சிலுவைப் பாட்டு அந்த ட்யூன்ல ஏறுச்சு, இசை மேதை பாக் அதையே எடுத்து, இயேசு பட்ட பாடுகளச் சொல்ற 'மத்தேயு பாடுகள்' இசையில திரும்பத் திரும்ப வச்சாரு, அப்படியே சுத்தி நம்ம ஊர் பாமாலைக்கும் வந்துருச்சு.

அந்த பாக் மட்டும் என்ன, ஜெர்மனியில லைப்சிக் ஊர்ல ஞாயித்துக்கிழமை சர்ச்ல இசை நடத்திட்டு, மத்த நாள்ல காபிக் கடையில கச்சேரி நடத்துனவரு. காபி இல்லாட்டி வறுத்த ஆட்டுக்கறி மாதிரி காஞ்சு போயிருவேன்னு ஒரு பொண்ணு அப்பாகிட்ட அடம் பிடிக்கிறத ஒரு முழு பாட்டு நாடகமாவே போட்டிருக்காரு. (நம்ம வீட்லயும் ஒண்ணு அப்படித்தான் இருக்கு.) நம்ம கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மட்டும் சும்மாவா, கோயிலும் அரண்மனையும் பாடிக்கிட்டிருந்த, குறி சொல்ற குறத்தி வர்ற குறவஞ்சி நாடகத்தத் தூக்கி 'பெத்லகேம் குறவஞ்சி'ன்னு எழுதிட்டாரே.

இதச் சொல்லிட்டு, நேத்து ரிலீஸான குத்துப்பாட்டு மெட்டுல இயேசு பேரப் போட்டுப் பாடுறாங்களே, அது எனக்குப் பிடிக்காது. பாவம்னு சொல்லல, சோம்பேறித்தனம்ன்றேன். சபையில பாதிப்பேருக்கு ஹீரோ ஸ்டெப்தான் கண்ணு முன்னாடி வரும். ஹாஸ்லர் பாட்டோட பழைய வரிய இன்னைக்கு பாளையங்கோட்டைல யாரு ஞாபகம் வச்சிருக்கா?

உங்க கேஸ் அது இல்ல. கல்யாண வீட்ல கல்யாணப் பாட்டு வாசிச்சிருக்கீங்க, அவ்ளோதான். கேக்கவே கூசுற வரி இருந்தா அந்தப் பாட்ட மட்டும் விட்ருங்க. கைய பத்தி பெரியவர் திரும்பவும் ஆரம்பிச்சா 1 சாமுவேல் 16:23 எடுத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்க. தாவீது சுரமண்டலத்த எடுத்து 'தன் கையினால்' வாசிப்பான், சவுல் ராஜாவுக்கு ஆறுதலா இருக்கும்னு போட்டிருக்கும். என்ன பாட்டு வாசிச்சான்னு எழுதல.

ஆனா அவர்கிட்ட சண்டைக்கு மட்டும் போகாதீங்க, கிறிஸ்மஸ் கேரல் பிராக்டிஸ் வருது, டீயும் வடையும் அவர் வீட்லதான இருக்கும்.